மூன்று அலகு

டூவூம்பாவில் ஜூலைக் குளிர்.
மாதத்தின் முதல் சனி, சாரணர் கூடத்தின் பின்னறை.
ஒன்பது பேர், ஒரு ஹீட்டர்.
நீள மேசையில் பச்சைத் துணி விரித்து
ஆளுக்கொரு முழம் இடம்.

என் முழத்தில் பதினொன்று.
எலும்புப் பிடி, மான்கொம்புப் பிடி,
மஞ்சள் செல்லுலாய்டில் ஒன்று.
அதைத் தள்ளித்தான் வைக்க வேண்டும்,
தான் கெடும்போது பக்கத்திலிருப்பதையும்
துருப்பிடிக்க வைக்கும்.

நான் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவள்.
பகல் முழுக்கப் பிறர் கடிக்கப் பற்கள்.
"இதெல்லாம் வெட்டவா, வைக்கவா?"
வீட்டில் செழியன் கேட்பார்.
வைக்க. திறக்க. மூட.
காதருகே வைத்துக் கேட்க.

நல்ல வில்லுக்கு 'டக்' என்று ஒரே சொல்.
தளர்ந்தது முனகும்.
எங்கள் மொழியில் கத்தி என்றால்
சத்தம் போட்டு என்றும் பொருள் என்றேன்.
லாரி ஓட்டும் கொலின் கொஞ்சம் யோசித்து,
"அப்போ இங்கே கிடப்பதெல்லாம்
கத்தி முடித்தவை" என்றார்.

ஓர் உறைக்குள் இரண்டு கத்தி இருக்காதாம்.
இந்த மாட்டுக்காரர் கத்தியில்
ஒரே உடம்புக்குள் மூன்று அலகு,
ஒன்றையொன்று தொடாமல்.
(பொய். கொஞ்சம் உரசும்.
மலிவானதில் கீறலே விழும்.)

எல்லோருக்கும் பொதுவாக ஒரு கத்தி உண்டு.
பிஸ்கட் டப்பாவில், எண்ணெய்த் துணி சுற்றி,
மாதம் ஒருவர் வீட்டுக்குப் போகும்.
கூடவே ஒரு நோட்டு.
என்ன வெட்டினாய், எழுது. அவ்வளவுதான் சட்டம்.

கொலின்: வைக்கோல் கட்டுக் கயிறு. மூன்று சாசேஜ்.
லொரெய்ன்: மார்மலேடுக்கு எலுமிச்சை, நூற்றிப்பத்து.
அலகு நீலம் பாய்ந்துவிட்டது, மன்னிக்கவும்.
அதன் கீழே நான்கு நிறப் பேனாவில் நான்கு பேர்:
மன்னிக்க முடியாது, அழகாயிருக்கிறது.
டெஸ்மண்ட்: கிரெடிட் கார்டு.
ஒரு வாரம் கழித்து மறுபடி டெஸ்மண்ட்:
இன்னொரு கிரெடிட் கார்டு.

ஜூன், கிளென் ஃபரூஜியா.
ஒன்றும் வெட்டவில்லை.
ஆஸ்பத்திரி வாசலில், காருக்குள்
திறந்தேன், மூடினேன்.
அதன் கீழே எந்தப் பேனாவும் இல்லை.

இன்று என் முறை.
கிளென் கத்தியை மடக்கி
பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார்.
நான் கை நீட்டவில்லை.

உப்பு, மிளகாய், கத்தி
எதையும் கைக்குக் கை வாங்கமாட்டோம்.
கீழே வைத்தால்தான் எடுப்போம்.
இல்லாவிட்டால் சண்டை வரும்.
எனக்கு அந்த நம்பிக்கை போய் வருஷமாச்சு.
கைக்கு இன்னும் தெரியாது.

நீட்டியது நீட்டியபடி நிற்க
அவர் முகத்தில் ஜூன் மாதப் பக்கம்.
அதைப் படித்துவிட்டுத்தான் தயங்குகிறேன் என்று
நினைத்துவிட்டார்.
உப்பு என்றேன். மிளகாய் என்றேன்.
ஏதேதோ உளறினேன்.

ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில்
முப்பது வருஷம் சமைத்த லொரெய்ன்தான் பேசினார்:
"எங்களுக்கும் உண்டு. கத்தியைச் சும்மா வாங்கினால்
நட்பு அறுந்துபோகும். காசு கொடு, அஞ்சு சென்ட் போதும்."

ஒன்பது பேர் பையிலும் கார்டு.
ஒருவரிடமும் ஐந்து சென்ட் இல்லை.
கடைசியில் கொலின் சாவிக்கொத்திலிருந்து
சூப்பர்மார்க்கெட் வண்டிக்குப் போடும்
பிளாஸ்டிக் டோக்கனைக் கழற்றினார்.
செல்லுமா என்று ஐந்து நிமிஷம் விவாதம்.
செல்லும் என்று தீர்ப்பு.

கிளென் கத்தியைப் பச்சைத் துணியில் வைத்தார்.
பக்கத்தில் நான் டோக்கனை வைத்தேன்.
எடுத்துக்கொண்டோம்.

முதல் வரி எழுதிவிட்டேன்.
பூரணி: ஒரு தபால் உறை, உள்ளே கரண்ட் பில்.

அடுத்த புதன் கடை வாசலில் கிளென்.
அதே டோக்கன் போட்டு எடுத்த வண்டி, பாதி நிறைந்திருந்தது.
எட்டிப் பார்க்கக் கூடாதுதான்.
என் வேலை அப்படி, அது மட்டும் கண்ணில் பட்டது:
குழந்தைகளுக்கான டூத்பிரஷ் ஒன்று,
மிருதுவானது.