மிளகுச் செலவு

பெத்தணனுக்கு ராத்திரிக்கு ஒன்றே கால் ரூபாய்.
ராஜபார்ட்டுக்கு ஏழு.
கம்பெனிக் கணக்கு எழுதியவன் நான், தெரியும்.

வெள்ளியம்பலத் தெருவில் கொட்டகை.
அரிச்சந்திரன் சுடுகாட்டுக்குப் போகுமுன்
விளக்குப் புகையை விலக்கிக்கொண்டு வருவான்,
காலில் ஒற்றைச் சலங்கை,
தலையில் கிழிந்த துரைத்தொப்பி.
மூன்றாம் வகுப்பு ரயிலேறிய
சம்பந்தியம்மாள் பாட்டு.
உப்புவரிப் பாட்டில் மட்டும்
முன்வரிசை ஏட்டையாவைப் பார்த்து
ஓரடியை விழுங்கிவிடுவான்.
விழுங்கிய அடிக்குத்தான் சிரிப்பு அதிகம்.

திருமங்கலத்தில்,
மச்சைத் துளைக்கும் மாசிப் பனியில்,
மேல்ஸ்தாயியில் தொண்டை உடைந்தது.
சேவல் கழுத்தைத் திருகியதுபோல் ஒரு சத்தம்.
கொட்டகை உருண்டது. ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர்.
இரண்டு பெஞ்சு முறிந்தன.

மறுநாள் முதலாளி நாலணா கூட்டினார்:
"தினமும் அதே இடத்தில் உடை."

உடைத்தான்.
சோழவந்தானில், மேலூரில்,
உசிலம்பட்டிச் சந்தைத் திடலில்.
மூன்றாம் வருஷம்
உடைக்க ஒன்றும் மிச்சமில்லை.
வாயசைப்பான், வெறும் காற்று வரும்.
அதற்கும் சிரித்தார்கள்.

பேரேட்டில் இன்னும் இருக்கிறது:
பபூன் பெத்தணன், மிளகு, பனங்கற்கண்டு,
முக்காலணா.
அவன் பற்றிலேயே எழுதச் சொன்னார் முதலாளி.
எழுதினேன்.