பதினாலாம் எண் வண்டி

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு
வெர்லீன் டிவியை அணைப்பாள்.
ஹாக்கி ஆட்டக்காரன் ஒருவன் பாதி விழுந்த நிலையில்
காணாமல் போவான்.
கச்சேரி ஆரம்பம் என்று அர்த்தம்.

மேடை என்று ஒன்றும் கிடையாது.
சிகரெட் எந்திரம் நின்றிருந்த இடத்தில்
தரை மட்டும் வேறு நிறம்.
அந்தச் சதுரத்துக்குள் நாற்காலி போட்டு
ஓடெல் ப்ரூயிட் உட்கார்கிறார்.
பகலில் நகரப் பேருந்துகளுக்கு பிரேக் பார்ப்பவர்.
நகக்கண்ணில் கிரீஸ்.
சுண்டுவிரலில் ஒரு கண்ணாடி வளையம்,
இருமல் மருந்துப் புட்டியின் கழுத்து,
அவரே அறுத்தது.

நாங்கள் ஒன்பது பேர்.
வெளியே டொலீடோ
மதியத்திலிருந்து வெள்ளையாகிக்கொண்டிருக்கிறது.

அவர் பாட்டின் கணக்கு சுலபம்.
சொன்னதையே இன்னொரு தடவை சொல்வார்.
மூன்றாம் வரியில்தான் விஷயம்.

வீட்டுக்குப் போனேன், பூட்டு மாறியிருந்தது.
வீட்டுக்குப் போனேன், ஆமா, பூட்டு மாறியிருந்தது.

மூன்றாவதற்கு வாய் திறந்தபோது
பழைய ஆம்ப்ளிஃபையர் கரகரத்து
ஒரு பெண்குரல் வந்தது:
"பதினாலு, எங்க இருக்கே?"

யாருக்கும் புரியவில்லை.
"பதினாலு. எங்க இருக்கே?"

கதவோரம் பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்த வோய்ச்சிக்
கரண்டியைக் கீழே வைத்தார்.
நகராட்சியின் ஆரஞ்சுச் சட்டை.
பின்சந்தில், எஞ்சின் உறுமியபடி
அவருடைய பனி தள்ளும் வண்டி.
அதைத் தேடி வந்த குரல்தான்
வழி தவறி இங்கே நுழைந்திருக்கிறது.

ஓடெல் நிறுத்தவில்லை.
கண்ணாடியைக் கம்பிமேல் மெல்ல இழுத்தார்.
பொய்க்குமுன் தொண்டையைச் செருமுகிற மாதிரி
ஒரு சுரம் ஏறி, வளைந்து, உட்கார்ந்தது.

"மல்பெரி தெரு முடிஞ்சுதா?"
கிட்டத்தட்ட, என்று முனகியது கிதார்.
"மூணு மணி நேரமா இதையேதான் சொல்றே."
கிதாரிடம் பதில் இல்லை.
தரையில் ஓடெலின் பூட்ஸ் மட்டும்
டக், டக்.

அப்புறம்தான் வெடித்தது சிரிப்பு.
வெர்லீன் ஐஸ் வாளிமேல் கவிழ்ந்துவிட்டாள்.
இரண்டு ஷிஃப்ட் நோயாளிகளைப் புரட்டிவிட்டு வந்து
காலணியைக் கழற்றிப் போட்டிருந்த எனக்கு
கண்ணில் நீர் வந்துவிட்டது.

வோய்ச்சிக் சிரிக்கவில்லை.
"புது ஆளு" என்றார். "போன வாரம்தான் வந்தா.
இருபத்தாறு குளிர்காலம் டோலரெஸ்தான் கூப்பிடுவா.
பதினாலுன்னு ஒருநாளும் சொன்னதில்ல.
ஏ ரோமன், உயிரோட இருக்கியான்னு கேப்பா."

டோலரெஸுக்கு என்ன ஆயிற்று என்று
ஒன்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை.
சூப்புக்குச் சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.
அவர் திறந்த கதவில் கொஞ்சம் பனி உள்ளே வந்து,
மிதியடியில் உட்கார்ந்து,
தண்ணீரானது.

ஜன்னலில் மஞ்சள் விளக்கு சுழன்று நகர்ந்தது.
இரும்பு அலகு தார்ச்சாலையை உரசும் ஓசை.
ஓடெல் தலையைச் சாய்த்து,
ஆறாவது கம்பியில் அந்த ஓசையைத் துழாவி,
கண்டுபிடித்து,
தெருமுனைவரை கூடவே போனார்.

"அந்தப் பூட்டு என்னாச்சு?" என்றாள் வெர்லீன்.

மறந்துவிட்டதாம்.
முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.