செல்லும்

எனக்கு முன்னால் பனி.
பின்னால் ஸ்டெய்ன்வோரின் கார்.
அதன் பின் இருக்கையில், சீட் பெல்ட் மாட்டி,
ஒரு வாக்குப் பெட்டி.

ஐஸ்லாந்தின் மேற்கு விளிம்பில்
ஒரு மீன் தொழிற்சாலை, ஒரு பெட்ரோல் பங்க்,
வாக்களித்தவர்கள் அறுபத்தொரு பேர்.
ஒருத்தி கடைசி நிமிடத்தில்
செதில் ஒட்டிய கையோடு ஓடிவந்து
பென்சிலைக் கூராக்கித் தரச் சொன்னாளாம்.
அரக்கு உருக்கி முத்திரை வைத்து
பத்து மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும்.
கணவாய் மூடிவிட்டது.
பன்னிரண்டரைக்கு என்னை எழுப்பினார்கள்.

என் லாரியின் கலப்பை உழும் சால்
ஐந்து நிமிடத்தில் தூர்ந்துபோகும்.
அந்த ஐந்து நிமிடத்துக்குள்
அவள் வந்தாக வேண்டும்.

மூன்று மணிச் செய்தியில் சொன்னார்கள்:
ஆளும் கூட்டணியே மறுபடியும்.
மூன்று கட்சி, முப்பத்து நான்கு இடம்.
கைதட்டலுக்கு நடுவே யாரோ கோப்பையைத் தவறவிட்டார்கள்.
மக்கள் தெளிவாகப் பேசிவிட்டார்கள் என்றது
தூக்கமில்லாத ஒரு குரல்.

வயர்லெஸ்ஸில் ஸ்டெய்ன்வோர்: கேட்டாயா?
கேட்டேன்.
அப்புறம் இருவருமே பேசவில்லை.
வைப்பர் மட்டும்
இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தது.

இந்த மலையைக் குடைந்து சுரங்கப்பாதை தருவோம் என்று
நான்கு தேர்தலாகச் சொல்கிறார்கள்.
நான்கு தேர்தலாக
மலையின் மேலேதான் போகிறது பெட்டி.
நான் யாருக்குப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன்.
ஸ்டெய்ன்வோருக்குத் தெரியும்.
அவள் யாருக்குப் போட்டாள் என்று எனக்கும்.

உச்சியில் கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது.
இழுத்துப் பார்த்தோம், வரவில்லை.
பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி
இடுப்பளவு பனியில் நடந்து வந்தாள்.
கை நீட்டி வாங்கினேன்.
அறுபத்தொரு பேர்
ஒரு ரொட்டியின் கனம்கூட இல்லை.

திரும்பிவிடலாமா என்று கேட்டது நான்தான்.
தீர்ப்பு எழுதி முடித்தபின்
சாட்சிக்கு என்ன வேலை?
அவள் கையுறையைக் கழற்றி
ஹீட்டரில் விரல்களைக் காய்ச்சினாள்.
ஓட்டு, என்றாள்.

பள்ளி உடற்பயிற்சிக் கூடம். ஆறரை மணி.
கூடைப்பந்து வளையத்தின் கீழே
பால்த்வின் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.
மேசையில் ஆறிய காபி, பாதி கேக்.
எழுந்ததும் கண்ணாடியைத் தேடினார்.
விளக்கடியில் பெட்டியைத் திருப்பித் திருப்பி
அரக்கைப் பார்த்தார்,
தங்கம் உரசிப் பார்ப்பவர் போல.
முத்திரை சேதமில்லை என்று எழுதி, நேரம் குறித்து,
பிறகுதான் திறந்தார்.

செல்லும், என்றார்.
அடுத்த சீட்டு. செல்லும்.
செல்லும்.
ஒன்றில் வேட்பாளர் மூவரின் பெயர் மேல்
தாள் கிழியும் அளவுக்குக் கோடு.
கூர்ப் பென்சில்காரியாக இருக்கும். செல்லும்.
அந்தக் கூடத்தின் வெறுமைக்குள் அந்தச் சொல்
கலப்பை போலப் போய்க்கொண்டே இருந்தது.

ஒன்றில் வாக்கு இல்லை.
ஒரு மலை வரைந்து, அதன் நடுவில்
வட்டமாய் ஓர் ஓட்டை.
பால்த்வின் சிரித்தார்.
இது செல்லாது, என்று எடுத்துத் தனியே வைத்தார்.

அறுபதும் ஒன்றும்.
முப்பத்து நான்கு முப்பத்து நான்காகவே இருந்தது.

காலிப் பெட்டியை ஊருக்குத் திருப்பித் தர வேண்டுமாம்.
கேக்கில் ஒரு துண்டைப் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டேன்.
லாரியில், எங்கள் இருவருக்கும் நடுவே,
பழக்கத்தில்
அதற்கும் சீட் பெல்ட் மாட்டினாள்.