பசைத் தடம்

வண்டியில் இருந்த 'பிரஸ்' ஸ்டிக்கரைப்
போன வாரமே உரித்துவிட்டேன்.
கெலமங்கலம் சாலையில்
இருட்டியபின் அந்த எழுத்து ஆகாதென்றான் மாதப்பன்.

அரைமணிக்கு ஒரு மிஸ்டு கால் அவனுக்கு.
இரண்டு மணியோடு நின்றால் இருக்கிறேன்.
மூன்றாவதும் அடித்தால்
ஸ்டேஷனுக்குப் போகாதே,
வக்கீல் பைரவிக்குச் சொல்.

மெமரி கார்டு
கேழ்வரகு மாவுப் பொட்டலத்துக்குள்.

ராயக்கோட்டையில் கேட் விழுந்தது.
விளக்கணைத்துப் பின்னாலேயே வந்த டிப்பர்
பக்கத்தில் உரசினாற்போல் நின்றது.
தார்ப்பாய் விளிம்பில் சொட்டியது
அறுத்த கல்லின் ஈரம்.

டிரைவர் எட்டிப் பார்த்தான்.
"என்ன வேலைண்ணா?"
"இன்சூரன்ஸ்."
"ம்."

சரக்கு ரயில்.
நாற்பத்தொரு பெட்டி எண்ணினேன்,
வேறெங்கே பார்ப்பது.

கேட் எழும்போது சொன்னான்:
"மண்ணெண்ணெய் போட்டுத் துடைங்க.
உரிச்ச இடம் மட்டும் புதுசா மின்னுது,
எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.
எனக்குப் பின்னாடி வர்றவனும்
நாலு எழுத்துப் படிச்சவன்தான்."

கிளட்ச் பிடித்த கை நடுங்க
மண்பாதையில் இறங்கி
இரண்டு மணி அடிக்கவிட்டேன்.

காலையில் செய்தி வந்தது,
பெயர் போடாமல்:
ஒரே இரவில் பதினொரு லாரிகள்.

நான் பார்த்தது பன்னிரண்டு.