விட்டுக்கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்

சனிக்கிழமை ஏழரைக்கே பனியன் வந்துவிட்டது.
முதுகில் என் பெயர், ஓரெழுத்து குறைவாக.
பரவாயில்லை,
இந்தப் பருவத்தில் அதை யாரும் கூப்பிடவில்லை.

ஈசூன் திடலில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்.
வாடகை வீட்டு புளோக்குகளிலிருந்து பேருந்தில் வந்தவர்கள் பாதி,
சாலை கடந்து நடந்தே வந்தவர்கள் மீதி.
மேசைமேல் காலணிகள் அளவுவாரியாக,
யாரோ இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத் தந்தவை.
சிலவற்றில் வேறு திடலின் புல்.
ஒரு பையன் ஐந்தாம் எண் கேட்டான்.
காலைப் பார்த்தால் மூன்றரை.
'வளருவேன்ல?' என்றான்.

எங்கள் முன்கள ஆட்டக்காரன் ஃபிர்தௌஸ் இறங்கியதும்
பிள்ளைகள் வேலியோடு சாய்ந்துவிட்டார்கள்.
என்னிடம் வந்தது ஒரே கேள்வி:
'நீங்க பிரபலமா?'
'எங்க குழு பேருந்து ஓட்டுநருக்கு என்னைத் தெரியும்.'
நியாயமான பதில் என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போனான்.

இரண்டாம் கோல்கீப்பர் நான்.
பத்தொன்பது ஆட்டம், பத்தொன்பதிலும் பெஞ்சு.
டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது.
அறநிதிப் பதாகையில் அதற்கெல்லாம் இடமில்லை.

ஏற்பாட்டாளர் திருமதி க்வெக் காதருகே வந்தார்.
'பெனால்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.
படம் எடுக்கிறார்கள்.'

விட்டேன்.
இடப்பக்கம் வந்ததற்கு வலப்பக்கம் விழுந்தேன்.
வலப்பக்கம் வந்ததற்கு வானம் பார்த்தேன்.
நடுவழியில் களைத்து நின்ற பந்தைக்கூட
குதிகாலால் உள்ளே தள்ளிவிட்டுத்
தலையில் கைவைத்துக்கொண்டேன்.
நாற்பது கோல், நாற்பது படம்.
தோற்றுப் பழகிய உடம்புதான்.
தோற்பதாக நடிக்கும்போதுதான் இடுப்பு வலிக்கிறது.

நாற்பத்தொன்றாவதாக இன்ஷிரா.
அளவு மீறிய காலணியின் நுனியில்
செய்தித்தாள் திணித்திருந்தாள்.
மற்ற பிள்ளைகள் பந்தைப் பார்த்தார்கள், சிலர் கேமராவை.
இவள் என் இடது முட்டியைப் பார்த்தாள்.

உடம்பின் பாரம் எங்கே இருக்கிறதென்று
அந்த எலும்புக்குத்தான் தெரியும்.
எனக்கே இருபத்து மூன்று வயதில்தான் புரிந்தது.

அடித்தாள்.
மேல் மூலை.
எந்தப் பக்கம் விழுந்து ஏமாறலாம் என்று யோசிக்குமுன்
கை போய்விட்டது.
விரல்நுனி.
கம்பம்.
வெளியே.

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார்.
சட்டைப்பைக்குக் கை போகுமுன்
நடுவர் பார்ப்பாரே ஒரு பார்வை,
திருமதி க்வெக்கிடம் அது இருந்தது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அவளோ வேலிவரை ஓடிப் பந்தை எடுத்துவந்து
புள்ளியில் வைத்தாள்.
'எல்லாருக்கும் விட்டீங்க. எனக்கு விடல,'
மலாயில் சொன்னாள்.
புகார் சொல்லும் முகமாகத் தெரியவில்லை.
'இன்னொண்ணு.'

அந்நேரம் பார்த்து மின்னல் எச்சரிக்கை ஊளையிட்டது.
ஒரு சொட்டுகூட விழவில்லை,
விதி விதிதான்.
கூம்புகளைப் போட்டது போட்டபடி ஓடினோம்.

புளோக்கின் கீழ்த்தளம்.
யார் கல்யாணத்துக்கோ அடுக்கிவைத்த நாற்காலிகள்.
பொட்டல மைலோ, ஆளுக்கொரு பன்.
ஃபிர்தௌஸ் ஒரு பையனின் மாவுக்கட்டில்
கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.
சுவரில் பந்தின்மேல் சிவப்புக் கோடு:
கூடாது, நான்கு மொழிகளில்.

அதற்குக் கீழேதான் அவள் பந்தை வைத்தாள்.
இரண்டு தூண்களைக் காட்டினாள்.

சிமெண்டுத் தரை. விழுந்தால் முட்டி போகும்.
டிசம்பர்வரை அந்த முட்டி குழுவின் சொத்து.
திருமதி க்வெக் மைலோ எண்ணிக்கொண்டிருக்கிறார்.
புகைப்படக்காரர் கண்ணாடியைத் துடைக்கிறார்.
மழை இப்போது நிஜமாகவே.

கையுறைப் பட்டையைப் பிய்த்து மறுபடி ஒட்டுகிறேன்.

அவள் என் இடது முட்டியைப் பார்க்கிறாள்.
பாரத்தை வலதுக்கு மாற்றுகிறேன்.
அதையும் பார்த்துவிட்டாள்.