பதினொன்று, பன்னிரண்டு

இருவருக்கும் பித்தப்பையில் கல்.
காரைக்குடி, பெண்கள் வார்டு, புதன்கிழமை காலை.

புதுவயல் அரிசி ஆலையில் கணக்கெழுதும் சிகப்பிக்கு
எல்லாம் தெரிந்தாக வேண்டும்:
எத்தனை துளை, எத்தனை தையல்,
மயக்கம் முதலில் காலுக்கா கண்ணுக்கா.
சொல்லச் சொல்ல நாடி இறங்கியது,
பொங்கிய பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி.

அதே பேச்சைத்தான்
கல்லல் பாண்டிமீனாளிடமும் பேசினேன்.
கருவியில் நூற்று இருபதைத் தாண்டியது.
"கல்ல எடுங்க சிஸ்டர், கதைய விடுங்க."
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு
வீட்டில் நிற்கும் சினைமாட்டைப் பற்றிச் சொன்னாள்.
நானும் மாட்டையே கேட்டேன்,
எத்தனையாவது ஈத்து, யார் பார்த்துக்கொள்கிறார்கள்.
தொண்ணூற்றெட்டு. எண்பத்து நான்கு.

பயிற்சியில் ஒரே தாள்தான் கொடுத்தார்கள்
எல்லாருக்கும் வாசித்துக்காட்ட.

வெள்ளிக்கிழமை இருவரும் போய்விட்டார்கள்.
சிகப்பி தன் கல்லைக் குப்பியில் கேட்டு வாங்கி
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
மற்றவள் பஸ் நேரம் மட்டும் கேட்டாள்.

என் மார்பகப் பரிசோதனை முடிவு
மூன்று நாளாகக் கைப்பையில், உறை பிரிக்காமல்.
சாப்பாட்டு டப்பாவை எடுக்கும்போதெல்லாம்
விரலில் படுகிறது.

இரண்டு படுக்கையும் காலி.
புது விரிப்போடு நடுவில் நிற்கிறேன்,
எந்தப் பக்கம் திரும்புவது என்று
தெரியாமல்.