உள்கூடாரம்

சமையலறைத் தராசில்
இன்று பருப்பு இல்லை.
ஒரு ஸ்பேனர், இரண்டு டியூப்,
தர்சிகாவின் பல்துலக்கி.
பதினெட்டு கிராம்.
கைப்பிடியைப் பாதியில் அறுத்த பின்
பதினொன்று.
ஏழு கிராமை வென்றவள்
ரம்பத்தைத் தூக்கிக் காட்டுகிறாள்.

ட்ரரால்கனில் மழை.
கராஜ் தகரத்தில் அது விழும் வேகத்தை வைத்து
மேலே, பாவ் பாவ் பக்கம்,
ஓடைகள் முழங்காலளவா இடுப்பளவா என்று
கணக்குப் போடுகிறோம்.
எப்படிப் போட்டாலும் தப்பாகத்தான் வரும்.

முதல் நாள் டயர்ஸ்.
ஊருக்குப் பெயரே அதுதான்,
அங்கே டயர் மட்டும் கிடைக்காது பார் என்கிறாள்.
மாலைக்குள் வால்ஹாலா.
இரண்டாம் நாள் அபர்ஃபெல்டி.
மூன்றாம் நாளுக்கு வரைபடத்தில் ஊரே இல்லை.
பச்சை. பச்சைக்குள் பச்சை.
நடுவே புள்ளிபுள்ளியாய்ப் போய்
யாரோ கூப்பிட்டதுபோல் பாதியில் நின்றுவிடும் ஒரு கோடு.
சமவுயரக் கோடுகள் அங்கே
கடன் கேட்டவனைப் பார்க்கும் நெற்றிபோல் நெருங்குகின்றன.
பென்சிலால் 'தள்ளணும்' என்று எழுதுகிறாள்.
கொஞ்சம் மேலே, 'தூக்கணும்'.
அதற்கும் மேலே வெறும் கேள்விக்குறி.

வன அலுவலகத்துக்குப் பேசினேன்.
ஆகஸ்ட் புயலுக்குப் பிறகு
அந்தத் தடத்தில் யாரும் போய்ப் பார்க்கவில்லையாம்.
மரங்கள் விழுந்து கிடக்கலாம்.
எத்தனை இருக்கும் என்றேன்.
கொஞ்ச நேரம் பதில் இல்லை.
"அது காடு, அம்மணி," என்றாள் அந்தப் பெண்.
அதையும் எழுதிக்கொண்டேன்.

உலர்த்தும் பெட்டியில்
நேற்றிரவிலிருந்து பருப்புச் சோறு
சரளைக்கல்லாக மாறிக்கொண்டிருக்கிறது.
வீடு முழுக்கப் பெருங்காயம்.

பெரிய கூடாரத்தை
எப்போதும் மூன்றாய்ப் பிரித்துத்தான் சுமப்போம்.
கம்பிகள் என்னிடம்.
மேல்விரிப்பு தர்சிகாவிடம்.
உள்கூடாரம் பிரணவனிடம்.

செவ்வாய்க்கிழமை அழைத்தான்.
முழங்கால் சரியில்லை, நீங்கள் போங்கள் என்றான்.
எந்த முழங்கால் என்று நாங்கள் கேட்கவில்லை.
அவனும் இன்னும் முடிவு செய்திருக்கமாட்டான்.

போன நவம்பரில், ஒரு நீண்ட இறக்கத்தில்,
நாங்கள் இருவரும்
பிரேக்கைத் தொடாமல் ஓடைவரை வந்துவிட்டோம்.
காலை நீரில் போட்டுக்கொண்டு சிரித்தோம்.
மரங்களின் உயரத்தைப் பற்றி ஏதோ பேசினோம்.
நாற்பது நிமிடம் கழித்து
காற்றுப்போன சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான்.
பம்ப் என் பையில் இருந்தது.
அவன் பங்குப் பேரீச்சம்பழம்
எங்கள் வயிற்றில் இருந்தது.
"நல்ல இடம்," என்று மட்டும் சொல்லி
குனிந்து முகம் கழுவினான்.
நெடுநேரம் கழுவினான்.

சிறிய தார்பாய் போதும், இரண்டு பேர்தானே,
ஒரு கிலோ மிச்சம் என்கிறாள் தர்சிகா.
அட்டைகள் என்கிறேன்.
உப்பு எடுத்துக்கொள்வோம் என்கிறாள்.
உப்பு எத்தனை கிராம் என்கிறேன்.
அவள் நிமிர்ந்து பார்க்கிறாள்.
நாங்கள் உப்பைப் பற்றிப் பேசவில்லை என்பது
அவளுக்கும் தெரியும்.
அந்த ஓடையில் அவளும்தானே சிரித்தாள்.

பட்டியலில்
எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு எண் வந்துவிட்டது.
உள்கூடாரத்துக்கு எதிரே மட்டும் இல்லை.
அது மோர்வெல்லில்,
அவன் வீட்டு அலமாரியில்,
போன முறை காட்டின் மண்ணோடு சுருண்டு கிடக்கிறது.
நாளை மதியம் போகிறேன்.
அதை வாங்கிவர என்று சொல்லிக்கொள்ளலாம்.

கார் இருக்கைக்கு அடியில்
உறை பிரிக்காத ஒரு பம்ப் இருக்கிறது.
அதை எடை போடவில்லை.
வாசலில் நின்று என்ன சொல்வது என்பதற்கு
இதுவரை மூன்று வாக்கியங்கள் யோசித்தேன்.
மூன்றும் கனம்.
ஒன்றைப் பாதியாக அறுத்துப் பார்த்தேன்,
அதுவும் சரியாக வரவில்லை.

தர்சிகா இப்போது கரண்டியை அறுக்கிறாள்.